உப்புக்கறை, எண்ணெய்ப் பிசுக்கு, தூசி: ஞாயிற்றுக்கிழமையைப் பலி கொடுக்காமல் வீட்டைச் சுத்தமாக வைத்திருக்க வழி உண்டா?

கேள்வி: மேடவாக்கம் வாசகி

வணக்கம். சென்னை மேடவாக்கத்தில் இரண்டு படுக்கையறைகள் கொண்ட அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குச் செல்கிறோம். மகள் ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். மாமியாரும் எங்களுடன் இருக்கிறார். அத்தைக்கு மூட்டுவலி இருப்பதால் குனிந்து நிமிரும் வேலை எதையும் அவரிடம் விடுவதில்லை. பாத்திரம் தேய்க்க மட்டும் காலையில் ஓர் அம்மா வருகிறார்.

எங்கள் வீடு அலங்கோலமாகக் கிடக்கும் வீடு அன்று. ஆனால் அதை அப்படி வைத்திருப்பதற்கே ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போய்விடுகிறது. தொல்லை தருபவை மூன்று இடங்கள்தாம். போர்வெல் தண்ணீர் என்பதால் குளியலறைக் குழாய்களிலும் சுவர் டைல்ஸிலும் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிகிறது. எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் முழுமையாகப் போவதில்லை, போனாலும் விரைவில் மறுபடி வந்துவிடுகிறது. சமையலறையில் அடுப்புக்குப் பின்னால் உள்ள சுவரும் மேல் அலமாரிகளின் தலைப்பகுதியும் எண்ணெய்ப் பிசுக்கேறி, அதில் தூசியும் ஒட்டிக்கொண்டு, கையை வைக்கவே கூசுகிறது. மூன்றாவது தூசி. வீடு பெரிய சாலையை ஒட்டி இருப்பதால், காலையில் துடைத்த மேசைமேல் மாலையில் விரலால் பெயரெழுதலாம்.

சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்து ஊற்றினால் எல்லாம் பளிச்சென்று ஆகிவிடும் என்று காணொளிகளில் சொல்கிறார்கள். செய்து பார்த்தேன், நுரை வந்த அளவுக்குப் பலன் வரவில்லை. எந்தப் பொருள் வாங்குவது என்பதைவிட, மொத்த உழைப்பையே குறைப்பதற்கு என்ன வழி என்பதுதான் என் கேள்வி. வாடகை வீடு என்பதால் டைல்ஸ் மாற்றுவது போன்ற பெரிய வேலைகளைச் செய்ய இயலாது. அனுபவமுள்ளவர்கள் விளக்கமாகச் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பதில் 1: ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், திருச்சி

சகோதரிக்கு வணக்கம். உங்கள் மூன்று தொல்லைகளும் வேதியியல்படி மூன்று வெவ்வேறு பொருள்கள். மூன்றையும் ஒரே திரவத்தாலும் ஒரே பிரஷ்ஷாலும் போக்க முயல்வதால்தான் வீட்டு வேலையில் பாதி உழைப்பு வீணாகிறது. குளியலறை வெள்ளைக் கறை பெரும்பாலும் கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் கார்பனேட்டுகள். அவை அமிலத்தில் கரையும், சோப்பில் கரையா. சமையலறைப் பிசுக்கு கொழுப்பு. அது சோப்பிலும் காரத்திலும் நீங்கும், அமிலத்துக்கு அசையாது. தூசிக்கு இரண்டும் வேண்டா, ஈரத் துணி போதும்.

காணொளியில் காட்டும் கலவை ஏன் பலிக்கவில்லை என்பதும் இதிலிருந்தே விளங்கும். சமையல் சோடா காரம், வினிகர் அமிலம். இரண்டையும் கலந்தால் ஒன்றையொன்று நடுநிலையாக்கிக்கொண்டு, கார்பன் டை ஆக்சைடு நுரையாக வெளியேறிவிட, சோடியம் அசிட்டேட் கரைந்த வெறும் தண்ணீர்தான் மிஞ்சுகிறது. தனித்தனியாகப் பயன்படுத்தியிருந்தால் இரண்டுக்கும் வேலை இருந்திருக்கும்.

உப்புக்கறையின் அளவைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம் என்றும் கூறுகிறது. 600 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள தண்ணீர் 15 லிட்டர் வாளி ஒன்று நிறைய இருந்து, அது அப்படியே காய்ந்து போனால், சுமார் 9 கிராம் சுண்ணாம்பு மிஞ்சும். சுவரில் தெறித்த தண்ணீர் வடிகாலுக்குப் போனால் அந்தச் சுண்ணாம்பும் அதனோடு போய்விடும். சுவரிலேயே காய்ந்தால் அங்கேயே கல்லாக நின்றுவிடும். ஆகவே கறை உண்டாவது குளிக்கும்போது அன்று, குளித்து முடித்த பிறகு சுவர் காய்கிற நேரத்தில்தான். கடைசியாகக் குளிப்பவர் கைப்பிடி வைத்த சிறிய வைப்பரால் சுவரை மேலிருந்து கீழாக வழித்துவிட்டு, குழாயையும் ஒரு பழைய துணியால் துடைத்துவிட்டு வெளியே வந்தால், வேலையில் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடுகிறது.

ஏற்கெனவே படிந்துள்ள கறைக்கு, மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் தூளை அரை லிட்டர் வெந்நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி என்ற அளவில் கரைத்துக்கொள்ளுங்கள். குழாயைச் சுற்றி அதில் நனைத்த துணியைக் கட்டிக் கால் மணி நேரம் விடுங்கள். சுவரில் தெளித்தால் அது வழிந்தோடிவிடும் என்பதால் அங்கும் நனைத்த துணியையோ தாளையோ ஒட்டிவிடுங்கள். ஷவரின் தலையைக் கரைசல் ஊற்றிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டுக் கட்டிவிடலாம். நேரம் ஆக ஆக அமிலமே கல்லைக் கரைத்துவிடும். பிறகு நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும், அழுத்தித் தேய்க்க வேண்டிய தேவையே இராது. பித்தளைக் குத்துவிளக்கைப் புளி கொண்டு துலக்கும் நம் வீட்டு முறையிலும் அமிலம்தான் வேலை செய்கிறது. அங்கே கரைவது உலோகத்தின் மேலுள்ள ஆக்சைடு.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. நம் ஊரில் விற்கும் கழிப்பறைத் திரவங்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அதனோடு பிளீச்சிங் பவுடரோ குளோரின் திரவமோ சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். மூடிய சிறு குளியலறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கும், உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். இரண்டையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் பயன்படுத்தாதீர்கள். உதவிக்கு வரும் அம்மாவிடம் ஆசிட் புட்டியைக் கொடுத்து, வெறுங்கையோடு தேய்க்கச் சொல்லும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அது மிகவும் தவறு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பதில் 2: மதுரைச் சமையலறை

ஆசிரியர் ஐயா சொன்ன அதே நியாயம் சமையலறைக்கும் பொருந்தும் என்று என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன். எண்ணெய் புதிதாகத் தெறித்திருக்கும்போது அது வெறும் எண்ணெய். சூட்டிலும் காற்றிலும் நாள்பட்டுக் கிடந்தால் இறுகிப் பிசினாகிவிடுகிறது. இரவுச் சமையல் முடிந்து, அடுப்பில் கை வைத்தால் இதமான சூடு மட்டும் இருக்கும் வேளையில், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அடுப்பையும் பின் சுவரையும் மேடையையும் ஒரே ஓட்டமாகத் துடைத்துவிட்டால், தாளிப்பின் எண்ணெய் சிரமமே இல்லாமல் வந்துவிடும். மறுநாள் துடைக்கலாம் என்று விட்டால் சோப்புத் தேவைப்படும். ஒரு மாதம் விட்டால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

ஆனால் துடைப்பதற்கு முன்னால் யோசிக்க வேண்டியது, எது எங்கிருந்து தெறிக்கிறது என்பது. என் சமையலறைச் சுவரை நெருங்கிப் பார்த்தபோது, அடுப்புக்கு நேர் பின்னால் மஞ்சள் நிறத்தில் பொட்டுப் பொட்டாக இருந்தவை எண்ணெய்த் துளிகளே அல்ல. குக்கர் விசில் வரும்போது அதோடு பீறிட்டு வரும் பருப்புத் தண்ணீர். பருப்பைக் குக்கரின் அடியிலேயே நேராகப் போடாமல் உள்ளே தனிப் பாத்திரத்தில் வைத்து, ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, விசில் சத்தம் வரும்முன் தீயைக் குறைத்துவிட்டால் அந்தப் பொட்டுகள் அறவே நின்றுவிடும். தோசை மாவுப் பாத்திரத்தை ஓர் அகலமான தட்டின்மேல் வைத்தால், இரவில் மாவு பொங்கி வழிந்தாலும் தட்டைக் கழுவினால் முடிந்தது. மேடையில் வழிந்து காய்ந்த மாவைச் சுரண்டும் வேலை மிச்சம். எண்ணெய்ப் புட்டியும் நெய்க் கிண்ணமும் உப்பு ஜாடியும் ஒரு சிறிய எவர்சில்வர் தட்டில் சேர்ந்து இருக்கட்டும். அந்தத் தட்டு ஒன்றை மட்டும் கழுவினால் போதும்.

மேல் அலமாரிகளின் தலைப்பகுதிக்கு நான் செய்வது மிக எளிது. ஒரு முறை சிரமப்பட்டு முழுவதும் துடைத்துவிட்டு, அதன்மேல் பழைய செய்தித்தாளை விரித்துவிடுங்கள். பிசுக்கும் தூசியும் தாளில் இறங்கும். சில மாதங்களுக்கு ஒரு முறை தாளைச் சுருட்டி எடுத்துப் போட்டுவிட்டுப் புதிய தாள் விரித்தால் ஆயிற்று. அந்த முதல் முறைக்கு, ஏறிய பிசுக்கின்மேல் பாத்திரம் துலக்கும் திரவத்தை நீர்விடாமல் தடவி, அரை மணி நேரம் ஊறவிட்டுப் பிறகு வெந்நீர்த் துணியால் வழியுங்கள். சிம்னி இருந்தால், அதன் வடிகட்டி எவர்சில்வராக இருக்கும்பட்சத்தில் சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் ஊறவைக்கலாம். அலுமினிய வலையாக இருந்தால் சலவைச் சோடா ஆகாது, கறுத்து அரித்துப்போகும். அதற்குப் பாத்திரத் திரவமே நல்லது.

இரவில் பாத்திரம் கழுவும் தொட்டியைக் காயவைத்துவிட்டுப் படுக்கப் போங்கள். கரப்பான் பூச்சியால் உணவில்லாமல் தாங்க முடிகிற அளவுக்குத் தண்ணீர் இல்லாமல் தாங்க முடியாது. ஈரமில்லாத தொட்டியும், துளையின்மேல் ஒரு ஜல்லடை மூடியும், மூடி போட்ட குப்பைக்கூடையும் இருந்தால், மருந்து அடித்துவிட்டுப் பிறகு எல்லாப் பாத்திரத்தையும் மறுபடி கழுவும் அவஸ்தை வராது. சாம்பார்க் கறை ஏறிய பிளாஸ்டிக் டப்பாக்களைத் தேய்த்துக் கையை வருத்திக்கொள்ள வேண்டா. கழுவிவிட்டு நல்ல வெயிலில் காயவைத்தால் மஞ்சள் நிறம் தானே வெளுத்துவிடும்.

மேடவாக்கம் வாசகி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. குக்கர் விஷயத்தைப் படித்தவுடன் எங்கள் சுவரைப் போய்ப் பார்த்தேன். நீங்கள் சொன்ன அதே மஞ்சள் பொட்டுகள். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. காலையில் நான்கு பேரும் அடுத்தடுத்துக் குளித்துவிட்டு அவரவர் ஓட்டத்தில் இருக்கும்போது, சுவரை வழிப்பது யார் என்பதில்தான் எங்கள் வீட்டில் எந்தப் பழக்கமும் நிலைக்காமல் போகிறது. மற்றொன்று, எங்கள் பூஜை மேடை வெள்ளைப் பளிங்கு. அதில் எண்ணெயும் குங்குமமும் சிந்திக் கறையாகிறது. சிட்ரிக் ஆசிட்டை அதற்கும் பயன்படுத்தலாமா?

பதில் 3: தாம்பரம் தந்தை

முதல் ஐயத்துக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். யார் செய்வது என்று பொதுவாக விட்டுவைத்த வேலை, கடைசியில் வீட்டிலுள்ள பெண்ணின் தலையில்தான் விழுகிறது. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போவதாக எழுதியிருப்பதும் உங்களுடைய ஞாயிற்றுக்கிழமையைத்தான் என்று எண்ணுகிறேன். குறைந்த உழைப்பு என்றால் ஒருவருடைய உழைப்பு குறைவதா, வீட்டின் மொத்த உழைப்பு குறைவதா என்பதை முதலில் கணவரோடு அமர்ந்து பேச வேண்டும். எங்கள் வீட்டில், கடைசியாகக் குளிப்பவர் நான் என்று ஆக்கிக்கொண்டோம். சுவரை வழிப்பதும் தரைத் தண்ணீரைத் தள்ளுவதும் என் பொறுப்பு. வைப்பர் குளியலறைக்குள்ளேயே, கைக்கு எட்டும் கொக்கியில் தொங்குகிறது. கொல்லையிலோ பால்கனியிலோ வைத்தால் எவரும் போய் எடுத்து வரமாட்டார்கள். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குத் தன் மேசையையும் ஜன்னல் விளிம்பையும் ஈரத் துணியால் துடைக்கத் தெரியும். அந்த இடம் அவளுடையது என்று ஒப்படைத்துவிட்டு, அவள் துடைத்ததை நீங்கள் மறுபடி துடைக்காமல் இருந்தால் போதும்.

தூசியைப் பற்றி இதுவரை எவரும் விரிவாக எழுதவில்லை. அது வருகிற வழி இரண்டு: காலணியும் ஜன்னலும். செருப்பு அலமாரி வீட்டுக்குள் இருந்தால் வாசலுக்கு வெளியே கொண்டு வாருங்கள். வாசலுக்கு வெளியே சொரசொரப்பான கயிற்று மிதியடி ஒன்றும், உள்ளே துணி மிதியடி ஒன்றும் போடுங்கள். சாலைப் பக்க ஜன்னலின் கொசுவலை பாதித் தூசியைத் தானே பிடித்து வைத்துக்கொள்கிறது. அதை மாதம் ஒரு முறையாவது கழற்றிக் கழுவாவிட்டால், காற்று வீசும்போதெல்லாம் பிடித்ததை உள்ளே உதறிவிடும். பெருக்கும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். உலர்ந்த துணியால் தட்டினால் தூசி எழும்பி, சற்று நேரத்தில் அங்கேயே வந்து அமரும். நனைத்து நன்றாகப் பிழிந்த துணிதான் அதை எடுத்துக்கொண்டு போகும். மின்விசிறி இறக்கைகளைத் துடைக்கப் பழைய தலையணை உறையைப் பயன்படுத்துங்கள்: இறக்கையை உறைக்குள் விட்டு, மேலும் கீழும் பிடித்து இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும், கட்டில்மேல் உதிராது.

தரை துடைக்கும் தண்ணீரில் பினாயிலைக் கைக்கு வந்தபடி ஊற்றுவதும் வேலையைப் பெருக்குகிற பழக்கம். வாசனை தூக்கலாக இருந்தால் சுத்தம் தூக்கலாக இருக்கிறது என்று நினைக்கிறோம். அளவு மீறினால் தரையில் மெல்லிய பிசுபிசுப்பு தங்கி, அது அடுத்த தூசியைப் பிடித்து வைக்கிறது. புட்டியில் போட்டிருக்கும் அளவே போதும்; தண்ணீர் கலங்கியவுடன் மாற்றுவதுதான் அதைவிட முக்கியம், இல்லாவிட்டால் கூடத்து அழுக்கைப் படுக்கையறைக்குக் கொண்டுபோய்ப் பூசுகிறோம்.

இவை எல்லாவற்றிலும் பெரியது பொருள்களின் எண்ணிக்கை. மேசைமேல் பத்துப் பொருள்கள் இருந்தால், துடைக்கப் பத்தையும் எடுத்துப் பத்தையும் வைக்க வேண்டும். கண்ணாடி இல்லாத திறந்த ஷோகேஸில் இருக்கும் பரிசுக் கோப்பைகளும் பொம்மைகளும் அப்படித்தான். கொலுப் பொம்மைகளைத் துணியில் சுற்றிப் பரணில் வைப்பதுபோல் அவற்றையும் மூடிய இடத்துக்கு மாற்றிவிட்டால், வாரந்தோறும் அவற்றை எடுத்துத் துடைக்கும் வேலை ஒழியும். போகிக்குப் பழையதைக் கழிப்பது நம் வழக்கம்தான். அதை எரிக்காமல் எடுத்துக்கொடுத்துவிடுங்கள்.

பதில் 4: கட்டட மேற்பார்வையாளர், கோவை

வாடகை வீட்டில் டைல்ஸ் மாற்ற முடியாது என்பது சரி. ஆனாலும் கட்டடத்தின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டையும், அதே தெருவில் போர்வெல்லை மட்டும் நம்பியிருக்கும் வீட்டையும் பார்த்தால், ஒரே வகைக் குழாய் ஒன்றில் பளபளவென்றும் மற்றொன்றில் சுண்ணாம்பு பூசியதுபோலவும் இருக்கும். உங்கள் அடுக்ககத்தில் குடிநீர் வாரியத் தண்ணீருக்குத் தனிக் குழாய் இருந்தால், குளித்து முடித்தபின் சுவரிலும் குழாயிலும் கடைசியாக ஊற்றுவது அந்தத் தண்ணீராக இருக்கட்டும்.

குளியலறைத் தரையில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, அது எங்கே போகிறது என்று கவனியுங்கள். வடிகாலை நோக்கி ஓடாமல் மூலையில் தேங்கினால், தளச்சரிவு சரியில்லை. அங்கே எவ்வளவு தேய்த்தாலும் உப்பும் பாசியும் வந்துகொண்டேதான் இருக்கும், அது உங்கள் குறையன்று. வீட்டு உரிமையாளரிடம் நியாயமாகக் கேட்கக்கூடிய பழுது அது. வெளியேற்று விசிறி இல்லாவிட்டால் அதையும் கேளுங்கள். குளித்த பிறகு அது கொஞ்ச நேரம் ஓடினால் கூரை மூலைகளில் பூஞ்சை பிடிக்காது. டைல்ஸ் இடுக்குகளில் இருப்பது பெரும்பாலும் சிமென்ட் பூச்சு. வீரியமான ஆசிட்டை ஊற்றினால் கறையோடு பூச்சும் கரைந்து, பள்ளம் விழுந்து, முன்பைவிட அதிகமாக அழுக்குத் தங்கும். ஆகவே கழிப்பறைத் திரவத்தைக் கழிப்பறைக் கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி வாங்கும் அறைக்கலன்களில் கவனிக்க வேண்டியது, துடைப்பம் அடியில் தாராளமாகப் போகிற அளவுக்குக் கால்கள் உயர்ந்திருக்கின்றனவா, அல்லது தூசியே நுழையாதபடி தரையோடு படிந்திருக்கிறதா என்பதுதான். இரண்டுக்கும் நடுவில், நான்கு விரல் உயரத்தில் நிற்கும் சோபாவும் கட்டிலும்தான் முதுகை ஒடிப்பவை. தானாக ஓடும் ரோபோ பெருக்கி வாங்க நினைத்தாலும் இதே கணக்குத்தான்: அதன் உயரம் கட்டிலுக்கடியில் நுழைய வேண்டும், அறைகளுக்கு நடுவே உயர்ந்த வாசற்படி இருந்தால் அதனால் ஏற முடியாது. மூட்டுவலி உள்ள பெரியவர் இருப்பதால் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். வழவழப்பான தரை துடைக்க எளிது, சொரசொரப்பான தரை வழுக்காது. குளியலறையைப் பொறுத்தவரை இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள். அழுக்கு சற்றுக் கூடுதலாகப் பிடித்தாலும் பரவாயில்லை.

சொந்தமாக வீடு கட்டுவோர் இதைப் படித்தால் அவர்களுக்காக ஒரு செய்தி. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் நியூபர்க் என்னும் ஊரில் ஃபிரான்சிஸ் கேப் என்ற பெண்மணி, தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் வீடு ஒன்றைக் கட்டி 1984இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். கூரையிலிருந்து தண்ணீர் தெளிக்கும்; சரிவான தரை வழியே அது வடிந்துபோகும்; பாத்திர அலமாரியே பாத்திரங்களைக் கழுவி உலர்த்தும். அப்படி ஒரு வீட்டில் நாம் குடியிருக்கப் போவதில்லை. ஆனால், வீட்டைச் சுத்தம் செய்யும் உழைப்பின் அளவு, வரைபடம் போடும்போதே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது என்பதை அவர் அளவுக்கு எவரும் செய்துகாட்டவில்லை. நம் ஊர் வரைபடங்களில் கூடத்துக்குத் தரும் அக்கறையில் சிறு பங்கைக்கூடக் குளியலறைச் சரிவுக்குத் தருவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

பதில் 5: ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், திருச்சி

பளிங்கைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதில் சிட்ரிக் ஆசிட்டைப் பயன்படுத்தவே கூடாது. பளிங்கும் குளியலறைக் கறையும் ஒரே கால்சியம் கார்பனேட். கறையைக் கரைக்கும் அமிலம் மேடையையும் கரைத்து, மினுமினுப்பை நிரந்தரமாக அழித்துவிடும். எலுமிச்சை, புளி, வினிகர் எதுவும் அதன்மேல் படக்கூடாது. விளக்கைப் புளி போட்டுத் துலக்குவதைக்கூட மேடைமேல் வைத்துச் செய்யாதீர்கள். கடப்பா கல்லும் சுண்ணாம்புக் கல்தான், சிமென்டில் செய்யப்படும் ஆத்தங்குடிக் கல்லும் அமிலத்தைத் தாங்காது. அவற்றுக்கும் இதே விதி.

சிந்திய எண்ணெய்க்கு, அரிசி மாவையோ முகப்பவுடரையோ அதன்மேல் தடிமனாகத் தூவி இரவு முழுவதும் விட்டு, காலையில் வழித்தெடுத்தபின் மிதமான சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். குங்குமத்தை ஈரத் துணியால் துடைத்தால் சாயம் கல்லுக்குள் இறங்கிவிடும். முதலில் உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் கூட்டி எடுத்துவிட வேண்டும். விளக்குக்கு அடியில் விளிம்பு உயர்ந்த பித்தளைத் தட்டு ஒன்றும், குங்குமச் சிமிழுக்கு அடியில் சிறு தாம்பாளம் ஒன்றும் வைத்துவிடுங்கள். மேடையில் சிந்துவதே நின்றுவிடும்; அந்தத் தட்டுகளை அத்தையே உட்கார்ந்தபடி துலக்கிக்கொள்ளலாம்.